ராமேஸ்வரம் யாருடையது? ஒரு சின்னத் தீவுக்காக சோழரும் பாண்டியரும் ஈழ மன்னர்களும் மோதிய கதை

கச்சத்தீவு பற்றி டிவியில் ஒரு விவாதம் வந்தால் போதும், கொஞ்ச நேரத்தில் உங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஃபார்வர்ட் வந்து விழும். 'அந்தக் கடல் முழுக்க ஒரு காலத்துல நம்ம ராஜா கையிலதான் இருந்துச்சு' என்று. கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பில் இருக்கிறவர் மொபைலிலும் இதே மாதிரி ஒன்று வந்திருக்கும். ராஜா பெயர் மட்டும் வேறு.

சுவாரஸ்யம் என்னன்னா, ரெண்டு பேருக்குமே பழைய ஆதாரம் இருக்கு. அதுவும் ஒரே தீவைப் பற்றி, ஒரே போரைப் பற்றி. அந்தத் தீவு ராமேஸ்வரம். போர் நடந்தது 12-ஆம் நூற்றாண்டில். கல்வெட்டுகளையும் பழைய நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், 'யாருடையது' என்ற கேள்வியே வேறு மாதிரி தெரியும். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அந்தத் தீவில் அப்படி என்ன இருக்கு?

மேப்பை எடுத்துப் பாருங்க. ராமநாதபுரம் மாவட்டத்தின் முனையில் மண்டபம். அதைத் தாண்டி பாம்பன் கால்வாய். அதற்கு அப்பால் தீவு. பாம்பனில் ஆரம்பித்து தனுஷ்கோடி முனை வரை சுமார் 30 கிலோமீட்டர் நீளம். தனுஷ்கோடியிலிருந்து மணல்திட்டுகள் வரிசையாக இலங்கையின் தலைமன்னார் வரை போகின்றன. ராமர் சேது, ஆதம் பாலம் என்று சொல்வது இதைத்தான்.

தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூர் மீனவர்களைக் கேட்டால் வடகடல், தென்கடல் என்பார்கள். வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்குக் காற்று காலத்தில் இது தலைகீழாக மாறும். அதாவது வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பக்கம் படகு கட்ட இடம் இருக்கும். ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குப் போகணும்னா தோணி மாதிரி சின்னக் கலங்கள்தான் பாம்பன் வழியாக நுழைய முடியும். பெரிய கப்பல்கள் இலங்கையையே சுற்றிக்கொண்டு போக வேண்டியதுதான்.

இப்போ ராஜாவாக யோசிங்க. இந்தத் தீவு கையில் இருந்தால் மூன்று விஷயம் கிடைக்கும்.

முதலாவது, வழி. மதுரைக்குப் படை கொண்டுபோக இலங்கை மன்னனுக்கு இதைவிடக் கிட்டமான இறங்குதுறை இல்லை. எதிர்க்கரையில் இருந்தது மாதோட்டம், அந்தக் காலத்தின் பெரிய துறைமுகம். இலங்கைக்குப் போக நினைக்கும் தமிழ் மன்னனுக்கும் அதே கணக்குதான்.

இரண்டாவது, முத்து. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு உலகம் முழுக்கப் பேசப்பட்ட தொழில். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, எடுக்கிற முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்குப் போகும் என்று எழுதியிருக்கிறார். மாபார் என்று வெளிநாட்டு வணிகர்கள் அழைத்த இந்தக் கரையில் அரபு நாடுகளின் குதிரைகள் வந்து இறங்கின. குதிரைக்குக் கொடுக்கப் பணம் வேண்டும். அந்தப் பணத்தில் முத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

மூன்றாவது, கோயில். 7-ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம் ராமேஸ்வரம். பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் ஒன்று. வடக்கே காசியிலிருந்து யாத்ரீகர்கள் வந்துபோகும் இடம். இந்தக் கோயிலுக்குக் காவல் நான் என்று சொல்லிக்கொள்ள முடிந்தால், அந்த மன்னனின் பெயர் இந்தியா முழுக்கப் போகும்.

ஒரு சந்தேகம் உங்களுக்கு வரலாம்: அப்போ அது தீவாகத்தான் இருந்ததா? 1480-ல் அடித்த பெரும்புயலில்தான் சேதுவின் நிலம் அறுந்தது என்று கோயில் மரபு சொல்கிறது. தீவோ, கடலுக்குள் நீண்ட நிலநாக்கோ, எப்படி இருந்திருந்தாலும் அது ஒரு குறுகிய கழுத்து. கழுத்தைப் பிடித்தவன் கையில்தான் வழி.

இந்தப் போட்டி எப்போது ஆரம்பித்தது?

10-ஆம் நூற்றாண்டிலிருந்தே தடயம் இருக்கு. முதலாம் பராந்தக சோழர் மதுரையைப் பிடித்தபோது, தோற்ற பாண்டிய மன்னர் ராஜசிம்மர் தன் முடியையும் அரசச் சின்னங்களையும் எடுத்துக்கொண்டு இலங்கைக்குப் போனார். அவற்றை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அந்த முடியை மீட்பது சோழர்களுக்கு மானப் பிரச்சினையானது. கடைசியில் ராஜேந்திர சோழர் காலத்தில்தான் அது கைக்கு வந்தது.

இடையில் எதிர்பாராத ஒரு ஆள் வருகிறார். தக்காணத்தின் ராஷ்டிரகூட மன்னர் மூன்றாம் கிருஷ்ணர். 949-ல் தக்கோலத்தில் சோழர்களை முறியடித்தவர். இன்றைய மகாராஷ்டிரத்தில் கிடைத்த இவருடைய கர்ஹாட் செப்பேடு 959-ஐச் சேர்ந்தது. ராமேஸ்வரத்தில் இவர் வெற்றித்தூண் நாட்டியதாக அது சொல்கிறது. யோசிச்சுப் பாருங்க, தக்காணத்து அரசர் ஒருவர் தன் வெற்றியை அறிவிக்க இந்த முனையைத் தேர்ந்தெடுக்கிறார். 'தெற்கே இதற்கு மேல் நிலமே இல்லை, அதுவரை வந்துவிட்டேன்' என்று சொல்ல அதைவிட நல்ல இடம் வேறு ஏது?

அதன்பின் சோழர்களின் காலம். ராஜராஜரும் ராஜேந்திரரும் இலங்கையின் பெரும்பகுதியைப் பிடித்து பொலன்னறுவையிலிருந்து ஆண்டார்கள். 1070-ஐ ஒட்டி முதலாம் விஜயபாகு அவர்களை விரட்டினார். அடுத்த நூறு வருஷத்தில் தராசு அப்படியே மறுபக்கம் சாய்ந்தது.

1160-களில் மதுரையில் என்ன நடந்தது?

குடும்பச் சண்டை. பாண்டிய வம்சத்துக்குள்ளேயே பராக்கிரம பாண்டியர் ஒரு பக்கம், குலசேகர பாண்டியர் இன்னொரு பக்கம். குலசேகரர் மதுரையை முற்றுகையிட்டார். உள்ளே மாட்டிக்கொண்ட பராக்கிரம பாண்டியர், பொலன்னறுவையில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவிடம் (1153–1186) உதவி கேட்டு ஆள் அனுப்பினார்.

பராக்கிரமபாகு சாதாரண ஆள் இல்லை. இலங்கை முழுவதையும் ஒரே ஆட்சிக்குள் கொண்டுவந்தவர். பொலன்னறுவையில் பராக்கிரம சமுத்திரம் என்ற பேரேரியைக் கட்டியவர். பர்மா வரைக்கும் கடற்படை அனுப்பியவர். அவர் லங்காபுரன் என்ற தண்டநாயகன் தலைமையில் ஒரு படையைத் தயார் செய்தார்.

ஆனா படை கிளம்புவதற்குள்ளேயே மதுரை விழுந்துவிட்டது. உதவி கேட்டவர் மனைவி மக்களோடு கொல்லப்பட்டார். அவருடைய ஒரு மகன் வீரபாண்டியர் மட்டும் தப்பினார். 'சரி, கேட்டவரே போய்ட்டார், படை எதுக்கு' என்று பராக்கிரமபாகு நிறுத்தவில்லை. மதுரையைப் பிடித்து அந்த மகனிடம் கொடு என்று உத்தரவை மாற்றி, படையை அனுப்பினார்.

படை எங்கே இறங்கியது?

இலங்கையின் பாலி மொழி வரலாற்று நூலான மகாவம்சத்தின் பிற்பகுதி, சூளவம்சம் என்று அழைக்கப்படுவது, இதை விரிவாகச் சொல்கிறது. லங்காபுரன் கடலைக் கடந்து, எதிர்த்தவர்களோடு போரிட்டு, ராமேஸ்வரத்தைப் பிடித்தார். பிறகு குந்துகால என்ற இடத்தில் ஒரு கோட்டை கட்டி, தன் மன்னர் பெயரில் பராக்கிரமபுரம் என்று பெயர் வைத்தார்.

அந்தக் குந்துகால எது? பாம்பனுக்குத் தெற்கே இருக்கும் இன்றைய குந்துகால் என்றே ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். 1897-ல் இலங்கையிலிருந்து திரும்பிய விவேகானந்தர் வந்து இறங்கிய, இன்று அவருடைய நினைவு மண்டபம் நிற்கும் அதே குந்துகால். ராமேஸ்வரம் டூர் போனவர்கள் அங்கே செல்ஃபி எடுத்திருப்பீங்க.

பிடிபட்ட தமிழர்களை இலங்கைக்கு அனுப்பினார்கள் என்றும் சூளவம்சம் சொல்கிறது. அனுராதபுரத்தில் ருவன்வெலிசாய என்ற பெரிய தாதுகோபத்தைப் பழுதுபார்க்கும் வேலையில் அவர்களை ஈடுபடுத்தினார்கள். முன்பு தமிழ்ப் படைகள் இடித்தது என்று அந்த நூல் குறைசொல்லும் கட்டடம் அது. பழி தீர்த்ததாகவே நூலாசிரியர் இதை எழுதுகிறார். அந்தக் கைதிகள் என்ன நினைத்தார்கள் என்று எழுத யாரும் இருக்கவில்லை.

லங்காபுரன் உள்நாட்டுக்குள் முன்னேறினார். ஜகத்விஜயன் என்ற இன்னொரு தளபதியும் உதவிப்படையோடு வந்து சேர்ந்தார். மதுரை பிடிபட்டது. வீரபாண்டியருக்கு முடிசூட்டினார்கள். பாண்டிய நாட்டில் பராக்கிரமபாகு பெயர் பொறித்த காசு புழக்கத்துக்கு வந்தது. வெற்றியின் நினைவாக இலங்கையில் பாண்டுவிஜய என்று ஓர் ஊரே உருவானது. சூளவம்சத்தின் கதை இந்த வெற்றியோடு முடிகிறது.

சோழர்கள் ஏன் உள்ளே வந்தாங்க?

இப்போ இதே போரை இக்கரையிலிருந்து பாருங்க. தோற்ற குலசேகரர் சோழ மன்னர் இரண்டாம் ராஜாதிராஜரிடம் போய் நின்றார். இலங்கைப் படை மதுரையில் உட்கார்ந்தால் அடுத்து தஞ்சைதான் என்பது சோழர்களுக்குப் புரியாமல் இல்லை.

அப்போது இருந்த பயத்தைத் தெரிஞ்சுக்க காஞ்சிபுரம் அருகே ஆர்ப்பாக்கத்துக்குப் போகணும். ராமேஸ்வரத்திலிருந்து சாலை வழியில் சுமார் 500 கிலோமீட்டர். அங்கே இருக்கும் கல்வெட்டு இப்படிச் சொல்கிறது: ஈழப்படை ராமேஸ்வரம் கோயிலின் பூஜையை நிறுத்திவிட்டது, கோயில் பண்டாரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இந்தச் சேதி கேட்டுக் கலங்கிய எதிரிலிசோழ சம்புவராயர் என்ற சிற்றரசர், ஞானசிவ தேவர் என்ற குருவிடம் போய், ஏதாவது செய்யுங்கள் என்று வேண்டுகிறார். குரு 28 நாட்கள் பூஜை செய்கிறார். பிறகு எதிரிகள் தோற்றுவிட்டார்கள் என்று போர்முனையிலிருந்து கடிதம் வருகிறது. நன்றிக்கடனாக ஆர்ப்பாக்கம் ஊரையே சம்புவராயர் குருவுக்கு எழுதிவைக்கிறார்.

ஒரு தீவில் நடந்த விஷயம் தொண்டைநாட்டு அரசரைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. கோயில் என்ற மூன்றாவது காரணத்தின் கனம் இங்கேதான் தெரியும்.

கடைசியில் யார் ஜெயிச்சாங்க?

இங்கேதான் ரெண்டு ஃபார்வர்டுகளும் மோதுகின்றன.

சூளவம்சத்தின்படி லங்காபுரனுக்கு வெற்றி மேல் வெற்றி. தோல்வி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மயிலாடுதுறை அருகே பல்லவராயன்பேட்டையில் இருக்கும் சோழர் கல்வெட்டின்படி கதையே வேறு. சோழத் தளபதி பெருமானம்பிப் பல்லவராயர் இலங்கைப் படையைத் தோற்கடித்தார். லங்காபுரனையும் ஜகத்விஜயனையும் கொன்று, அவர்களுடைய தலைகளை மதுரைக் கோட்டை வாசலில் ஆணி அடித்து மாட்டினார். குலசேகரரை மீண்டும் மதுரையில் அமர்த்தினார்.

எது உண்மை? வரலாற்று ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்பது இது: முதல் பாதிக்கு சூளவம்சம், இரண்டாம் பாதிக்குச் சோழர் கல்வெட்டு. படை வந்தது, ஜெயித்தது, பிறகு தோற்றது. அவரவர் தனக்குப் பிடித்த இடத்தில் கதையை நிறுத்திக்கொண்டார்கள்.

அதுக்கப்புறமும் சண்டை ஓயவில்லை. மாதோட்டம், ஊராத்துறை (இன்றைய ஊர்காவற்றுறை), வலிகாமம் போன்ற இடங்களில் பராக்கிரமபாகு கப்பல் கட்டிப் படை திரட்டுகிறார் என்று சோழர்களுக்குத் தகவல் வந்தது. அவருடைய சிங்காசனத்துக்கு உரிமை கோரிய சீவல்லபன் என்ற மருமகனுக்கு ஆதரவு கொடுத்து, அந்த ஊர்கள் மீது சோழர்கள் படையெடுக்க வைத்தார்கள். திருவாலங்காட்டுக் கல்வெட்டில் இந்த விவரம் இருக்கு.

ட்விஸ்ட் இனிமேல்தான். சோழர் உதவியால் ஆட்சிக்கு வந்த குலசேகரரே பின்னர் பராக்கிரமபாகுவோடு ரகசியமாகக் கைகோத்தார். கோபப்பட்ட சோழர்கள், யாரை எதிர்த்தார்களோ அந்த வீரபாண்டியரையே கூட்டிவந்து மதுரையில் உட்கார வைத்தார்கள். பிறகு வீரபாண்டியரும் இலங்கைப் பக்கம் சாய்ந்தார். மூன்றாம் குலோத்துங்க சோழர் அவரையும் நீக்கி, விக்கிரம பாண்டியரை அமர்த்தினார். தமிழர், சிங்களவர் என்று இன்றைய கோடு போட்டுக்கொண்டு இந்தக் கதையைப் படித்தால் பாதியிலேயே குழம்பிப்போவீங்க. அணிகள் அப்படிப் பிரியவில்லை.

வண்டன்மேட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

வண்டன்மேட்டிலோ கட்டப்பனையிலோ கம்பத்திலோ இருந்து இதைப் படிக்கிறீங்கன்னா, 'மலையில் இருக்கிற எங்களுக்கு இந்தத் தீவுக் கதை எதுக்கு' என்று தோணும். ஒரு நூல் இழை உங்க ஊர்ப் பக்கமும் வருகிறது.

கோட்டயம் மாவட்டத்தின் பூஞ்சாறு அரச குடும்பம் தங்களைப் பாண்டிய வம்சத்தவர் என்றே சொல்லிக்கொள்கிறது. மதுரையில் குழப்பம் நிலவிய 12-ஆம் நூற்றாண்டில், மானவிக்கிரமன் என்ற பாண்டிய அரசர் நாட்டை விட்டு மலையேறி வந்தார் என்பது அந்தக் குடும்பத்தின் மரபு. அவர்களுடைய அரண்மனைக்குப் பக்கத்தில் மீனாட்சிக்குக் கோயில் இருப்பதும் இதனால்தான் என்பார்கள். பந்தளம் அரச குடும்பத்துக்கும் இதே மாதிரி பாண்டிய மரபு உண்டு.

மலையின் பிற்கால வரலாறு இந்தக் குடும்பத்தின் கையெழுத்தில்தான் திரும்பியது. 1877-ல் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்குக் குத்தகைக்கு எழுதிக்கொடுத்தவர் பூஞ்சாறு அரசர். மூணாறு தேயிலைத் தோட்டங்களும், அங்கே வேலைக்குப் போன தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் கதையும் அந்தப் பத்திரத்துக்குப் பிறகு வருபவை. மதுரை அரியணைச் சண்டை ஒரு பக்கம் ராமேஸ்வரத்துக்குப் படையை வரவழைத்தது என்றால், இன்னொரு பக்கம் மலைகளிலும் தன் நினைவை விட்டுப்போயிருக்கிறது.

அதுக்கப்புறம் தீவு யார் கைக்குப் போனது?

ஒருவர் கையிலும் நிலைக்கவில்லை. சுருக்கமாகச் சொன்னால்:

● 1187–1196: பொலன்னறுவை மன்னர் நிசங்கமல்லர், ராமேஸ்வரத்தில் நிசங்கேஸ்வரம் என்ற கோயிலைக் கட்டியதாகத் தன் கல்வெட்டில் சொல்கிறார். முன்னவர் படை பூஜையை நிறுத்தியது என்று சோழ நாட்டில் கல்வெட்டு. பின்னவர் அதே ஊரில் சிவன் கோயில் கட்டினேன் என்று இலங்கையில் கல்வெட்டு.

● 13-ஆம் நூற்றாண்டு: பாண்டியர்களின் மறு எழுச்சி. மாறவர்மன் குலசேகர பாண்டியர் அனுப்பிய ஆரியச் சக்கரவர்த்தி என்ற தளபதி இலங்கையின் யாப்பகுவையைத் தாக்கி, புத்தரின் புனிதப் பல்லைக் கொண்டுவந்தார். இலங்கை மன்னர் மூன்றாம் பராக்கிரமபாகு பாண்டியரிடம் நேரில் போய்ப் பேசித்தான் அதைத் திரும்பப் பெற்றார்.

● 14-ஆம் நூற்றாண்டு முதல்: பாண்டிய அரசு சரிந்த பிறகு, யாழ்ப்பாணத்தில் ஆரியச் சக்கரவர்த்திகள் தனி அரசாக வளர்ந்தார்கள். 'சேது காவலன்' என்று பட்டம் சூட்டிக்கொண்டார்கள். காசில் நந்தியையும் 'சேது' என்ற சொல்லையும் பொறித்தார்கள். 1344-ல் இலங்கைக்கு வந்த இபன் பதூதா இவர்களில் ஒருவரைச் சந்தித்து, அவருடைய கப்பல்களையும் முத்துகளையும் பற்றி எழுதியிருக்கிறார்.

● 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்: மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர், ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்களைக் காக்கும் பொறுப்பைச் சடைக்கத் தேவரிடம் ஒப்படைத்தார். ராமநாதபுரம் சேதுபதிகளின் ஆட்சி இப்படித்தான் பிறந்தது. 1619-ல் யாழ்ப்பாணம் போர்ச்சுகீசியர் வசமானது.

● 1639-ஐ ஒட்டி: திருமலை நாயக்கரோடு மோதிய சேதுபதி பின்வாங்கி ராமேஸ்வரம் தீவுக்குள் அரண் அமைத்துக்கொண்டார். நாயக்கர் தளபதி ராமப்பையன் போர்ச்சுகீசியர் உதவியோடு தீவைத் தாக்கி அவரைச் சிறைப்பிடித்தார். சேதுபதி சிறையில் இருந்தபோது யாத்ரீகர்களுக்குப் பாதுகாப்பு இல்லாமல் போனதால், அவரையே விடுவித்து மீண்டும் பதவியில் வைக்க வேண்டியதாயிற்று.

கடைசிப் பாயிண்டைக் கவனிச்சீங்களா? தீவைப் படையால் பிடித்துவிட்டார்கள். வழியைக் காக்கும் ஆள் இல்லாமல் அதை நடத்த முடியவில்லை.

சரி, இன்றைக்கு இதில் நமக்கு என்ன?

இந்த எல்லாப் பட்டங்களிலும் ஒரு ஒற்றுமை இருக்கு. 'சேது காவலன்', 'சேதுபதி', வெற்றித்தூண், கோயில் திருப்பணி. யாருமே 'இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் என்னுடையது' என்று சொல்லவில்லை. அவர்கள் உரிமை கொண்டாடியது ஒரு வழிக்கு, ஒரு கோயிலுக்கு, முத்தில் ஒரு பங்குக்கு. ஒரே சமயத்தில் ரெண்டு பேர் 'நான்தான் காவலன்' என்று சொல்லவும் இடம் இருந்தது. நடுவில் மீன் பிடித்தவர்களும் முத்துக் குளித்தவர்களும் ரெண்டு கரைக்கும் போய்வந்தார்கள்.

கடலின் மேல் கோடு விழுந்தது நம் காலத்தில். 1974, 1976 ஒப்பந்தங்கள் மூலம்தான் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான கடல் எல்லை முறையாக வரையப்பட்டது. 285 ஏக்கர் பரப்புள்ள, யாரும் குடியிருக்காத கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. அது ராமநாதபுரம் ஜமீனுக்குச் சொந்தமாக இருந்தது என்பது தமிழ்நாட்டின் வாதம். அந்த ஜமீன் சேதுபதிகளின் வாரிசு. ஆக, இன்றைய வாதத்தின் வேர் 17-ஆம் நூற்றாண்டு வரை நேராகப் போகிறது. அதற்கு முந்திய நூற்றாண்டுகளைத் துணைக்கு அழைத்தால் சிக்கல்தான். பராந்தகர் பெயரை நாம் எடுத்தால், பராக்கிரமபாகு பெயரை அவர்கள் எடுப்பார்கள். ரெண்டுக்கும் ஆதாரம் இருக்கும்.

இந்த வாதம் நடக்கிற நேரத்தில் ராமேஸ்வரத்துப் படகுகள் பிடிபடுகின்றன, மீனவர்கள் இலங்கைச் சிறையில் இருக்கிறார்கள். இழுவைமடி வலை தங்கள் கடலைச் சுரண்டுகிறது என்று யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் சொல்கிறார்கள். அவர்களும் தமிழர்கள்தான். இந்தப் பிரச்சினையைத் தீர்க்க வலை, படகு, மீன்வளம், வாழ்வாதாரம் பற்றிப் பேச வேண்டும். லங்காபுரன் ஜெயித்தாரா பல்லவராயர் ஜெயித்தாரா என்பது அந்த மேஜையில் உதவாது.

அடுத்த தடவை அந்த ஃபார்வர்ட் வந்தால், அனுப்பிய சித்தப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 'கதை எந்த வருஷத்துல நிக்குது சித்தப்பா?' 1170-க்கு முன்னாடி நின்றால் ஒருவருக்கு வெற்றி, பின்னாடி நின்றால் இன்னொருவருக்கு. நடுவில் பூஜை நின்றுபோன ஒரு கோயிலும், ஊர் பெயர்த்து அனுராதபுரத்துக்குச் செங்கல் சுமக்கப் போன கைதிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் போரில் எந்த வருஷமும் வெற்றி வருஷம் இல்லை.